தெருவில் கிடந்த காகிதம்

தஞ்சை ஜில்லாவிலிருந்து ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியில் நாம் எழுதி வருவதை வெகு காலமாகப் படிப்பவர். முன்னொரு தரம் சந்திர கிரகணத்தைப் பற்றி நாம் எழுதியபோது, அதிலே ஒரு கணக்குப் பிசகைக் கண்டுபிடித்து நம் காதைத் திருகியவரும் அவரே. ஆனால் இம்முறை அவர் எழுதியிருப்பது வானத்தைப் பற்றியல்ல. தம் மூத்த பெண்ணைப் பற்றி.

பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று. கலியாணமாகி இரண்டு வருஷம். முதலில் விரல் மூட்டுக்களில் வலி. அப்புறம் விட்டு விட்டு ஜுரம். காலையில் எழுந்திருக்கவே முடியாதபடி ஓர் அயர்ச்சி. புக்ககத்தில் அதற்கு இட்ட பெயர் சோம்பல். வாத ரோகம் என்று ஒரு வைத்தியர் சொன்னார். க்ஷயமாயிருக்குமோ என்று இன்னொருவர் சந்தேகித்தார். கன்னங்கள் இரண்டிலும் மூக்கின் மேலுமாக, பட்டுப்பூச்சி சிறகை விரித்தாற்போல் ஒரு சிவப்புத் தடிப்பு தோன்றியது. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கடைசியில் சிறுநீரில் நுரை கண்டு, கால்கள் வீங்கிய பிறகே பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வியாதிக்குச் சரியான பெயரைச் சொன்னாராம். "லூபஸ்" என்பது அந்தப் பெயர். தேகத்தைக் காக்க வேண்டிய காவல் சக்தியே தேகத்தைத் தாக்குகிறது என்றும், அந்தப் பெண்ணின் ரத்தத்தில் அவளுடைய சொந்த டி.என்.ஏ.வுக்கே விரோதமான பொருள் இருக்கிறது என்றும் அவர் விளக்கினாராம்.

உபாத்தியாயர் கேட்பவை மூன்று கேள்விகள். வேலி பயிரை மேய்வதை நாம் உலகத்தில் பார்த்திருக்கிறோம். உடம்புக்குள்ளுமா அது நடக்கும்? அவரும் அவருடைய மனைவியும் அத்தை மகனும் மாமன் மகளுமாம். அதனால் வந்த வினையா இது? இன்னொரு பெண் கலியாணத்துக்கு நிற்கிறாள். அவள் கதி என்ன?

மூன்றும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்ற இரண்டுக்கும் போக முடியாது. ஆகவே நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் நம்மோடு வர வேண்டும்.

நம் தேகம் கோடானு கோடி ஜீவ அணுக்களால் ஆனது. (அணுகுண்டிலே வரும் அணு வேறு, இது வேறு.) ஒவ்வொரு ஜீவ அணுவின் நடுவிலும் கரு ஒன்று உண்டு. அந்தக் கருவுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் நூல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் குடும்பத்துப் பத்திரப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணின் நிறம் முதல் ரத்தத்தின் வகை வரையில் எல்லாவற்றுக்கும் மூல சாஸனம் அதிலே எழுதியிருக்கிறது. ஒரே ஓர் அணுவிலுள்ள நூலை நீட்டிப் பிடித்தால் ஆறரை அடி நீளம் வரும். அதிலுள்ள எழுத்துக்கள் சுமார் 600 கோடி. இவ்வளவும், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத ஒரு கருவுக்குள் மடங்கிக் கிடக்கிறது! ராஜத் துரோகக் கடிதங்களைத் தலைப்பாகைக்குள் மடித்துக்கொண்டு போன நம் பழைய தேசத் தொண்டர்கள் கூட இந்த வித்தையைப் பார்த்தால் வெட்கப்பட வேண்டியதுதான்.

ஜீவ அணுக்கள் சாசுவதமல்ல. வயது வந்த ஒரு மனிதனின் தேகத்தில் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 33,000 கோடி அணுக்கள் கழிந்து, அவற்றின் இடத்தில் புதியவை வருகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ரத்த அணுக்கள். சிவப்பு அணுக்களுக்கு ஒரு விசேஷம் உண்டு: எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜையில் பிறக்கும்போதே அவை தங்கள் கருவை வெளியே தள்ளிவிட்டுக் கிளம்புகின்றன. பத்திரப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்படும் சந்நியாசி மாதிரி! ஒரு வினாடிக்கு இருபது லக்ஷம் சந்நியாசிகள். இருபது லக்ஷம் பெட்டிகள். மற்ற அணுக்களோ இறக்கும்போது பெட்டியோடுதான் இறக்கின்றன.

இத்தனை பத்திரங்களும் எங்கே போகின்றன? இந்த எளிய கேள்வியை வெகு காலம் வரையில் யாரும் முக்கியமாக நினைக்கவில்லை. கலியாண வீட்டில் விருந்தைப் பற்றிப் பேசுவார்களே தவிர, மறுநாள் எச்சில் இலை எங்கே போயிற்று என்று யார் கேட்கிறார்கள்? அந்த எச்சில் இலையிலேதான் இந்த வியாதியின் ரகசியம் இருக்கிறது.

கிழிந்த காகிதத்தை எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தெருவில் பறக்கும். 1942-ஆம் வருஷத்துக் கதைகளைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெருவில் பறக்கும் காகிதம் எவ்வளவு அபாயம் என்று தெரியும். போலீஸ்காரன் அதை எடுத்துப் பார்ப்பான். வண்ணான் கணக்காயிருந்தாலும் சரி, பால் கணக்காயிருந்தாலும் சரி, அவன் கண்ணுக்கு அது துண்டுப் பிரசுரம். அப்புறம் அந்தத் தெரு முழுவதும் தடியடிதான்.

தேகத்தில் நடப்பதும் இதுவே. டி.என்.ஏ. என்பது நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. காசநோய்க் கிருமிக்கும் உண்டு. அம்மைக் கிருமிக்கும் உண்டு. ஆகையால், இருக்க வேண்டிய இடமாகிய கருவுக்குள் இல்லாமல் வெளியே எங்கேயாவது டி.என்.ஏ. கிடந்தால், நம் காவல் அணுக்கள் சத்துரு புகுந்துவிட்டான் என்று எண்ணி மணி அடித்துவிடுகின்றன. எழுத்தை வாசித்து, இது நம்முடையதா, அந்நியருடையதா என்று நிச்சயிக்க அவற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது. காகிதம் எங்கே கிடக்கிறது என்பதுதான் அவற்றுக்கு முக்கியம். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவும் முடியாது. கிருமி வந்த நேரத்தில் பத்திரம் படித்துக்கொண்டு நிற்கும் காவலன் யாருக்கு வேண்டும்?

ஆகவே காகிதம் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வதற்கு இயற்கை சில ஆட்களை நியமித்திருக்கிறது. அவர்களைத்தான் ரசாயன சாஸ்திரிகள் டி.என்.ஏஸ் என்று அழைக்கிறார்கள். சோற்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? எச்சிலிலுள்ள ஒரு பொருள் சோற்றின் மாவை உடைத்துச் சர்க்கரையாக்குவதால்தான் அப்படி. இவ்விதம் ஒன்றை உடைத்தோ சேர்த்தோ வேலை செய்து, தான் மட்டும் மாறாமலிருக்கும் பொருளுக்கு என்ஸைம் என்று பெயர். இந்நாளில் பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் நொதி என்கிறார்கள். டி.என்.ஏ.வை உடைக்கும் என்ஸைம் டி.என்.ஏஸ். கத்தரிக்கோல் என்றே சொல்லிவிடலாம்.

இந்தக் கத்தரிக்கோலின் சரித்திரம் சுவாரஸ்யமானது. டி.என்.ஏ.வை முதன் முதலில் கண்டவர் பிரெடரிக் மீஷர் என்னும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து இளைஞர். 1869-ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள டூபிங்கன் நகரத்துக் கோட்டையில், ஒரு காலத்தில் சமையலறையாயிருந்த இடத்தில், அவர் ஆராய்ச்சி நடத்தினார். ஆஸ்பத்திரியில் புண்களிலிருந்து கழற்றிப் போட்ட கட்டுத் துணிகளை வாங்கிவந்து, அவற்றிலிருந்த சீழைக் கழுவி எடுத்து, அந்தச் சீழ் அணுக்களின் கருவிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தார். மனித குலத்தின் மூல சாஸனம் சீழிலிருந்து அகப்பட்டது! இந்தச் சீழ் பின்னாலும் ஓர் இடத்தில் வரப்போகிறது. நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1944-ஆம் வருஷத்தில் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஏவரி, மக்ளியாட், மக்கார்ட்டி என்னும் மூவர், பரம்பரைக் குணங்களைத் தாங்குவது டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். பலர் நம்பவில்லை. அவர்களில் இளையவரான மக்கார்ட்டி, மாட்டின் கணையத்திலிருந்து டி.என்.ஏஸைப் பிரித்தெடுத்து, 1946-இல் அந்தப் பொருளின் மேல் பிரயோகித்தார். கத்தரிக்கோல் பட்டவுடனே பரம்பரைக் குணத்தை மாற்றும் சக்தி மறைந்து போயிற்று. 1948-இல் அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்த மோஸஸ் குனிட்ஸ் என்பவர் அந்த என்ஸைமைக் கற்கண்டு போல் படிகமாகவே செய்து காட்டினார்.

அதே 1948-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் இன்னொரு மூலையில், மேயோ வைத்திய சாலையில், ஹார்க்ரேவ்ஸ் என்னும் டாக்டர் லூபஸ் நோயாளிகளின் மஜ்ஜையைப் பூதக் கண்ணாடியின் கீழ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விசித்திரமான வெள்ளை அணு அவர் கண்ணில் பட்டது. அது வேறோர் அணுவின் கருவை முழுசாக விழுங்கிவிட்டு, வயிறு புடைக்க நின்றது. ஓரிடத்தில் கத்தரிக்கோல், இன்னோரிடத்தில் கத்தரிக்கப்படாத காகிதம். இரண்டும் ஒரே வருஷத்தில் அகப்பட்டன. ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று பந்துக்கள் என்று தெரிவதற்கு ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று!

ஹார்க்ரேவ்ஸ் கண்ட கரு சும்மா விழுங்கப்பட்டதல்ல. நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப் பொருள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, "இவன் சத்துரு" என்று முத்திரை குத்தியிருந்தது. 1957-இல் வெவ்வேறு ஆராய்ச்சிக் கூட்டத்தார் தனித்தனியாக அந்த எதிர்ப் பொருள் டி.என்.ஏ.வையே பற்றுகிறது என்று கண்டார்கள். தேகம் தனக்கு விரோதமாகத் தானே எதிர்ப் பொருள் செய்துகொள்ளாது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்னும் ஜெர்மன் மேதை கூறியிருந்தார். மகான் ஒருவர் சொன்னதை மறுக்க மனிதர்களுக்குத் துணிவு வருவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. நம் தேசத்தில் மட்டும்தான் இப்படி என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

நிற்க. எதிர்ப் பொருளும் டி.என்.ஏ.வும் கட்டிப் புரண்டு ரத்தத்தில் மிதந்து செல்கின்றன. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் சல்லடையல்லவா? இந்தக் கட்டிகள் அங்கே போய் அடைத்துக்கொள்கின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு காவல் படையும் அங்கே வந்து சேருகிறது. தடியடியில் மண்டை உடைவது ஊர்வலத்தில் வந்தவனுக்கு மட்டுமல்ல, வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும்தான். உபாத்தியாயரின் பெண்ணுக்குச் சிறுநீரில் கண்ட நுரையின் காரணம் இதுவே.

ஆனால் இந்த டி.என்.ஏ. ஏன் கத்தரிக்கப்படாமல் தங்கியது? ஜெர்மனியில் போஹும் நகரத்துச் சர்வகலாசாலையில் 2000-ஆம் வருஷத்தில் ஒரு சோதனை செய்தார்கள். குனிட்ஸ் படிகமாக்கிய அந்த என்ஸைம் இல்லாமலே பிறக்கும்படி எலிகளை வளர்த்தார்கள். அந்த எலிகளில் சிலவற்றுக்கு லூபஸ் போன்ற நோய் கண்டது. மறு வருஷம் ஜப்பானில், லூபஸ் நோய் கண்ட இரண்டு பெண்களிடம் இதே என்ஸைமின் ஜீனில் பிசகு இருப்பதைக் கண்டார்கள். காரணம் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1999-ஆம் வருஷத்தில், லூபஸால் சிறுநீரகம் கெட்ட நோயாளிகளுக்கு இந்த என்ஸைமையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை. நோயின் அடையாளங்களும் அசையவில்லை.

கத்தரிக்கோல் ஒன்றல்ல, பல என்பதுதான் விஷயம். குனிட்ஸின் என்ஸைமுக்கு டி.என்.ஏஸ்-1 என்று பெயர். அதற்கு மூன்று தம்பிகள் உண்டு. 'முதலாமவனைப் போன்றவன்' என்று சொல்லி எண் போட்டிருக்கிறார்கள். கடைக்குட்டியின் பெயர் டி.என்.ஏஸ்-1-எல்-3. பெற்ற பிள்ளைக்கு மோட்டார் வண்டி நம்பர் போல் பெயர் வைப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். நாம் கடைக்குட்டி என்றே அழைப்போம்.

மூத்தவன் வெறும் டி.என்.ஏ.வை வெகு ஜோராக வெட்டுவான். ஆனால் இறந்த அணுவிலிருந்து வெளிவரும் டி.என்.ஏ. வெறுமையாக வருவதில்லை. ஹிஸ்டோன் என்னும் புரதக் கட்டைகளில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு வரும். மேலும், சாகிற அணு சிறு சிறு குமிழிகளாக உடைகிறது. அந்தக் குமிழிகளின் கொழுப்புத் தோலோடு ஒட்டிக்கொண்டும் டி.என்.ஏ. வரும். இங்கே மூத்தவனுடைய கத்தரி ஓடாது. போதாக்குறைக்கு, அணுக்களிலிருந்து வெளிப்படும் ஆக்டின் என்னும் புரதம் மூத்தவனுடைய கையைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடும். கடைக்குட்டியை ஆக்டின் ஒன்றும் செய்ய முடியாது. அன்றியும் அவனுக்கு ஒரு வால் உண்டு! வேடிக்கையாகச் சொல்லவில்லை. மின்சாரத்தில் தன ஜாதியைச் சேர்ந்த சிறு வால் ஒன்று அவனுடைய உருவத்தின் முடிவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாலின் உதவியால் அவன் குமிழியிலுள்ள டி.என்.ஏ.வைக் கத்தரிக்கிறான். வாலை நறுக்கிவிட்டால் அவனுக்கு அந்த வேலை ஓடாது. அனுமாரைப் போல் வாலிலேதான் அவனுடைய பராக்கிரமம்.

கடைக்குட்டியின் அருமை 2011-ஆம் வருஷத்தில்தான் வெளியாயிற்று. அரேபிய நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில், ஒரே வீட்டில் பல குழந்தைகளுக்கு லூபஸ் கண்டது. லூபஸ் என்பது சாதாரணமாகப் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்திரீகளாக, அதுவும் பூப்பெய்திய வயதுக்குப் பிறகு, வருகிற வியாதி. இந்தக் குடும்பங்களிலோ எப்போதும் குழந்தைப் பருவத்திலேயே வந்தது. சிறுநீரகத்தை அதிகமாகப் பாதித்தது. ஆராய்ந்து பார்த்ததில், தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி ஆகிய இரண்டிலும் கடைக்குட்டியின் ஜீன் உபயோகமற்றுப் போயிருந்தது தெரிந்தது. பிறகு துருக்கி தேசத்துக் குடும்பங்களிலும் இதே பிசகு வேறு உருவத்தில், தோல் தடிப்பும் ரத்தக் குழாய் வீக்கமுமாக, காணப்பட்டது.

நியூயார்க்கில் போரிஸ் ரெய்ஸிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2016-இல் எலிகளைக் கொண்டு இதன் உள்விவரத்தைக் கண்டார்கள். கடைக்குட்டி இல்லாத எலிகளின் ரத்தத்தில் சில வாரங்களுக்குள்ளேயே டி.என்.ஏ.வுக்கு விரோதமான எதிர்ப் பொருள் தோன்றிவிட்டது; மாதங்கள் சென்றபின் சிறுநீரகம் கெட்டது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தேகத்தில் இந்தக் கடைக்குட்டியை உண்டாக்கி ரத்தத்தில் விடுபவர்கள் யார் தெரியுமா? கிருமிகளை விழுங்கும் அணுக்களும், சத்துருவை அடையாளம் காட்டும் அணுக்களுமே. காகிதத்தைப் பார்த்து மணி அடிக்கிறவனே அந்தக் காகிதத்தை எரிக்கும் பொறுப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறான்! இயற்கையின் நிர்வாகத்தில் இலாகாக்கள் இவ்வளவு நெருக்கமாயிருப்பதைப் பார்த்து நம் சர்க்கார் காரியாலயங்கள் பாடம் கற்றுக்கொண்டால் தேவலை.

அரேபியக் குழந்தைகளின் கதை அபூர்வமானது. சாதாரண லூபஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஜீன் நல்ல நிலையிலேயே இருக்கிறது. அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் அவர்களுக்கு என்ன லாபம்? 2021-ஆம் வருஷத்தில் ரெய்ஸிஸ் கூட்டத்தாரே வெளியிட்ட ஒரு முடிவு இதற்குப் பதில் சொல்லுகிறது. சாதாரண லூபஸில், முக்கியமாகச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நோயாளிகள் பலரிடம், கடைக்குட்டிக்கே விரோதமான எதிர்ப் பொருள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அதாவது, காகிதம் பொறுக்குகிறவனையே போலீஸ் கைது செய்துவிட்டது! பொறுக்குகிறவன் சிறையிலிருக்க, காகிதம் இன்னும் பறக்கிறது. காகிதம் பறக்கப் பறக்கக் கைதுகளும் பெருகுகின்றன. ஒரு தரம் ஆரம்பித்த இந்த வியாதி ஏன் தானாக அடங்குவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

வேலி ஏன் பயிரை மேய்கிறது என்ற உபாத்தியாயரின் முதல் கேள்விக்கு நம்மாலான பதில் இதுதான். வேலிக்குத் துர்ப்புத்தி வந்துவிடவில்லை. காவல் வேலையை அது வழக்கம் போலவே செய்கிறது. அதன் எதிரில் கிடக்கக் கூடாத பொருள் கிடக்கிறது.

கத்தரிக்கோல்களின் குடும்பத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. மஜ்ஜையில் சந்நியாசிகள் விட்டுச் சென்ற பெட்டிகளை விழுங்கும் அணுக்களின் வயிற்றில் டி.என்.ஏஸ்-2 என்று ஒருவன் இருக்கிறான். ஜப்பானில் நகாட்டாவின் குழுவினர் 2001-இல் அவன் இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிக் குஞ்சுகள் பிறக்குமுன்பே ரத்த சோகையால் மடிந்தன. டிரெக்ஸ்-1 என்று மற்றொருவன் அணுவுக்குள்ளேயே காவல் காக்கிறான். அவன் இல்லாவிட்டால் குழந்தையின் மூளையைத் தாக்கும் கொடிய வியாதி ஒன்று வருகிறது. நாம் முன்பு ஞாபகத்தில் வைக்கச் சொன்ன சீழும் இங்கேதான் வருகிறது. சளி கெட்டியாகி மூச்சை அடைக்கும் ஸிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை வியாதியில், அந்தச் சளியைப் பசையாக்குவது இறந்த வெள்ளை அணுக்களின் டி.என்.ஏ.தான். 1993-ஆம் வருஷம் முதல், மூத்தவனாகிய டி.என்.ஏஸ்-1-ஐ ஆவியாக்கி மூச்சோடு உள்ளே செலுத்துகிறார்கள். சளி இளகிவிடுகிறது. லூபஸில் தோற்ற மூத்தவன் நுரையீரலில் ஜெயித்தான்.

இனி உபாத்தியாயரின் இரண்டாவது கேள்வி. நம் தமிழ் நாட்டில் இதைக் கேட்காத குடும்பம் அபூர்வம் என்பதால் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறோம். அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுப் பாட்டன் பாட்டியிடமிருந்து ஒன்றாகப் பெற்றிருப்பார்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. குடும்பத்திலே ஒரு கெட்ட பிரதி மறைந்திருந்தால், கணவன் மனைவி இருவரிடமும் அதுவே இருக்கக்கூடிய வாய்ப்பு அந்நியத்தில் மணப்பவர்களைவிட அதிகம். இருவரிடமும் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு கெட்ட பிரதிகள் சேர்வதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அரேபியக் குடும்பங்களில் நேர்ந்தது இவ்விதம்தான். உறவில் மணந்தவர்களின் குழந்தைகள் எல்லோரும் நோயாளிகள் என்பது இதற்கு அர்த்தமல்ல. பெரும்பாலோர் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனால் சொத்து வெளியே போகக் கூடாது என்று சம்பந்தம் பேசும் பெரியவர்கள், சொத்தோடு சேர்ந்து வேறு எதுவும் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பதையும் யோசிப்பது நலம். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஒரே மாதிரி வியாதி கண்டிருந்தால், மறுபடியும் உறவில் முடிச்சுப் போடுமுன் பரம்பரை வியாதிகளை அறிந்த டாக்டரை ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.

உபாத்தியாயர் விஷயம் வேறு. அவருடைய பெண்ணுக்கு வியாதி கண்டது இருபது வயதுக்கு மேல். வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. கடைக்குட்டி இல்லாமையால் வரும் வியாதியோ குழந்தைப் பருவத்தில் வருவது. ஆகவே இவளுடையது பல ஜீன்களும், வெயிலும், கிருமிகளும், ஸ்திரீ தேகத்துக்கே உரிய சில காரணங்களும் கூடி வரும் சாதாரண லூபஸ் என்று எண்ணவே இடமிருக்கிறது. அவளுடைய தாயையும் தந்தையையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நமக்கு ஆதாரம் அகப்படவில்லை. கடிதத்தின் நாலாம் பக்கத்தில் மை கலைந்திருந்த இடத்தைப் பார்த்தபோது, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் நமக்கு எழுதினார் என்று தோன்றியது.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு லூபஸ் வந்தால் கூட, மற்றவளுக்கு வராமலிருப்பதே அதிகமாகக் காணப்படுகிறது. கூடப் பிறந்த தங்கைக்கு, மற்றப் பெண்களைவிட அபாயம் அதிகம்தான். ஆயினும் வராமலிருக்கவே வெகுவாகச் சாத்தியம். கலியாணத்தை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. மூட்டு வலியோ, வெயிலில் தடிப்போ, காரணமில்லாத ஜுரமோ கண்டால் அக்காளுக்கு ஆனதுபோல் இரண்டு வருஷம் வீணாக்காமல், உடனே ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்க வேண்டும். சம்பந்தி வீட்டாரிடம் மூத்தவளின் வியாதியை மறைக்கலாமா என்று அவர் ஜாடையாகக் கேட்டிருக்கிறார். மறைக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். இது தொத்து வியாதியல்ல, இழிவும் அல்ல.

வைத்தியத்தைப் பற்றியும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை போலும், ஆயினும் எழுதுகிறோம். இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்கு மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் என்னும் மாத்திரை கொடுத்தார்கள். அதே மருந்து லூபஸ் தடிப்பைக் குணப்படுத்துவதை 1951-இல் லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் டாக்டர் பேஜ் என்பவர் எழுதினார். அதன் வழியில் வந்த ஹைட்ராக்ஸிக்ளோரோக்வின் இன்றும் லூபஸுக்கு ஆதார மருந்து. டி.என்.ஏ.வைக் கண்டு மணி அடிக்கும் அந்த மணியின் நாக்கையே அது கொஞ்சம் கட்டிவிடுகிறது என்று சொல்லலாம். ஸ்டீராய்டுகளும், காவல் படையை அடக்கும் வேறு மருந்துகளும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகின்றன. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் 2022-ஆம் வருஷம், மற்ற மருந்துகளுக்கு மசியாத ஐந்து நோயாளிகளின் சொந்த வெள்ளை அணுக்களையே வெளியே எடுத்துப் பழக்கித் திரும்பச் செலுத்தி, ஐவரையும் நோய் அடங்கிய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். கடைக்குட்டியையே ரத்தத்தில் நெடுநேரம் நிலைத்து நிற்கும்படி மாற்றியமைத்து மருந்தாக்கவும் முயன்று வருகிறார்கள்.

கடிதத்தின் கடைசியில், பெண்ணுக்கு இப்போது உடம்பு சற்றுத் தேவலை என்றும், இனி மாத்திரைகள் எதற்கு என்று புக்ககத்தார் கேட்கிறார்கள் என்றும் உபாத்தியாயர் எழுதியிருந்தார். இந்த இதழ் அவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடக் கூடாதே என்று, அன்றைத் தபாலிலேயே அவருக்குப் பதில் எழுதிப் போட்டோம்: உடம்பு தேவலையாயிருப்பது மாத்திரையால்தான், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை கூட நிறுத்த வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்ளட்டும், வெயிலில் போகையில் குடை பிடித்துக்கொள்ளட்டும், குழந்தை வேண்டுமென்று எண்ணினால், வியாதி அடங்கியிருக்கும் சமயம் பார்த்து டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும், பெற்றுக்கொண்டவர்கள் ஏராளம். நம் கடிதத்தை மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்று, அவருக்கும் ஒரு பிரதி சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.